தானாக ஏறாத காற்று

ஊசியம்மா வருகிறாள் என்றால் அந்தப் பக்கத்துக் குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பெரியவர்களோ அவளைத் தவிர வேறு யாருக்கும் கையை நீட்ட மாட்டார்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, மின்சார சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. குத்தினதே தெரியவில்லை என்று பெயர் வாங்கிய கை. அந்தப் பெயருக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது.

மழையில் சைக்கிளோடு வழுக்கி விழுந்து, தோள் எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்து அவள் மறுபடி வேலைக்குப் போனதிலிருந்து, கொண்டுபோகிற ரத்தம் கெட்டுப்போனது. மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் சிவப்பாக நின்றது. ஊசி சரியாக இறங்காவிட்டால் அப்படி ஆகும்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்கள கவுன்ட்டர்லதான் உக்கார வெக்கணும்," என்றார் மேற்பார்வையாளர். நல்ல மனிதர், அதனால் இன்னும் சுருக்கென்றது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் விரல்களை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். நடுங்கவில்லை. ஆனாலும் கையின்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

"அக்கா, ரொம்ப குலுங்கினாலும் ரத்தம் ஒடையும். சைக்கிள பாத்தீங்களா?" என்று ஆய்வகத்துப் பெண் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கொஞ்ச நாளாகவே வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகில் வந்து விழுந்துகொண்டிருந்தது. வயசாகிவிட்டது என்று அவள் பழியை வயசின் தலையில் போட்டிருந்தாள்.

விடுமுறை நாள் காலை, மாடிப்படிக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி, குலுக்கலைத் தாங்குகிற பின்பக்க ஷாக்கில், அளவுமுள் வைத்த சின்னக் கைப்பம்பை மாட்டினாள். உள்ளே காற்றை அடைத்துத்தான் அந்த ஷாக் வேலை செய்கிறது; காற்று கூடினால் அமுங்காமல் கல்லாக இறுகிவிடும். எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று சைக்கிள் சட்டத்தில் ஒட்டியிருந்தது. பம்பின் முள், அவளைப்போல் இரண்டு ஆளைச் சுமக்கிற எண்ணில் போய் நின்றது.

காற்று தானாக இறங்கும். தானாக ஏறாது. அவளை விட்டால் இந்தப் பம்பைத் தொடுகிறவர் வீட்டில் ஒரே ஆள்தான்.

"என்னங்க, கொஞ்சம் வந்து சைக்கிள புடிங்க."

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முன்பின் தெரியாதவர்கள்கூட குலுங்காமல் இறங்கவேண்டும் என்று மெனக்கெடுகிறவர். வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை மேலே ஒட்டத் தள்ளிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். ஆள் உட்கார்ந்தால் ஷாக் அமுங்கி வளையத்தைக் கீழே தள்ள வேண்டும். மெதுவாக இறங்கிப் பார்த்தாள். வளையம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"நீங்கதானே காத்து அடிச்சீங்க?"

அவர் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டார். "முதுகு வலிச்சா நீயே இந்த சைக்கிள விட்டுடுவேன்னு நெனச்சேன். போகாதேன்னு சொன்னா கேப்பியா? நீ விழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"முதுகு வலிச்சது ஒண்ணுமில்ல. ரத்தமெல்லாம் கெட்டுப்போச்சு. என் கைதான் போயிடுச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் முகம் செத்துப்போயிற்று. இதை அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை. அவளுக்குக் கோபம் மூக்குவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் பாதிதான் இறங்கியது, மீதி அப்படியே இருந்தது.

அவர் குனிந்து பம்பின் பொத்தானை அழுத்தினார். காற்று புஸ்ஸென்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முள் அவளுடைய எண்ணுக்கு வந்ததும் அவள் மறுபடி வளையத்தைத் தள்ளிவிட்டு உட்காரப் போனாள்.

"இரு," என்றார். "வெறுமனே உக்காந்து அளந்தா கணக்கு தப்பிடும்."

மாடிக்குப் போய் குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலை நாளில் இருக்கிற கனம் இருக்கவேண்டும் என்று உள்ளே தண்ணீர் பாட்டில்களை அடுக்கியிருந்தார். பின்பக்கத் தாங்கியில் வைத்து வாரை இழுத்துக் கட்டினார்.

"இப்ப ஏறு."

"பயம் போயிடுச்சா?"

"இல்ல," என்று ஹேண்டிலை இறுகப் பிடித்தார். "அது எங்கிட்டயே இருக்கட்டும். நீ ஏறு."