அண்ணன் வாய் வைத்துக் குடித்த தண்ணீர்

அண்ணன் இறந்து இரண்டு வருடமாகிறது. அவனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எனக்கோ முதலில் சிரிப்புதான் வருகிறது. எல்லாம் இந்தத் தண்ணீர் விஷயத்தால்.

வெளிநாடு போன புதிதில் இருவரும் ஓர் ஓட்டல் சலவைக்கூடத்தில் சேர்ந்தோம். எனக்கு இஸ்திரி மெஷின். அண்ணனுக்குப் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை. அது ஒற்றை ஆளால் ஆகாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். அவனுக்கு ஜோடியாக வாய்த்தவள் அந்த ஊர்க்காரி. கிழிந்த விரிப்புகளைத் தைப்பதும் அவள்தான் என்பதால் எங்களுக்குள் தையல்காரி. தினம் முந்நூறு விரிப்பு. முந்நூறு முறை கிட்ட வந்து விலகினால் யாருக்குத்தான் மனசு தடுமாறாது? அந்த மொழியில் நாற்பது வார்த்தை மட்டுமே தெரிந்த அண்ணன், வீட்டில் பாத்திரம் கழுவும்போது விசிலடிக்க ஆரம்பித்தான்.

ஒருநாள் புழுக்கத்தில், தான் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அண்ணன் பரவசமாக வாங்கி, அண்ணாந்து, உதடு படாமல் கடகடவென்று ஊற்றிக் குடித்து, பவ்யமாகத் திருப்பிக் கொடுத்தான். அவள் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் கேட்டு வாங்கி ஜோடி மாறிக்கொண்டாள். அண்ணனுக்கு எதிரே வந்து நின்றது சூப்பர்வைசரின் தொப்பை.

"என்னடி தப்பு பண்ணேன்? ஒரு சொட்டு கீழ சிந்தலையே!" என்று பஸ்ஸில் புலம்பினான்.

நான் அவளிடமே போய்க் கேட்டேன். "என் வாய் பட்டது உங்கண்ணனுக்கு அருவருப்பா இருக்கு" என்றாள்.

அண்ணன் ஆடிப்போனான். "வாய் வெச்சா எச்சில் ஆயிடும்டி! மரியாதைக்குத்தானே தூக்கிக் குடிச்சேன். நீ சொல்லேன்."

"சொன்னேன். நம்பல. நீயே வாய் வெச்சுக் குடிச்சுக் காட்டு."

"எல்லார் முன்னாடியுமா?"

"பின்ன, உனக்குன்னு திரை கட்டுவாங்களா?"

முப்பத்திரண்டு வயது வரை அவன் உதடு எந்தப் பாட்டிலையும் தொட்டதில்லை. அம்மாவின் வளர்ப்பு அப்படி. மறுநாள் இடைவேளையில் அவள் மேசைக்கு நேராகப் போனான். நாற்பதில் 'தண்ணீர்' என்ற ஒன்றுதான் வாயில் வந்தது. தையலை நிறுத்தாமலே அவள் பாட்டிலைத் தள்ளினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கும் பிள்ளை மாதிரி, வாய் வைத்து உறிஞ்சினான். புரையேறி, மூக்கு வழியாக வந்த தண்ணீரில் தைத்து வைத்த விரிப்பெல்லாம் நனைந்தது. அவள் எழுந்து முதுகில் நாலு தட்டு தட்டினாள். தட்டிக்கொண்டே சிரித்தாள். மத்தியானம் விரிப்பின் மறுமுனையை அவளே பிடித்தாள்; சூப்பர்வைசர் தன் அறைக்குத் திரும்பிவிட்டார்.

அவளுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. அண்ணனுக்கு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டு, சௌக்கியம்கூடக் கேட்காமல் போட்டு உடைத்தான்.

"அம்மா, ஒரு பொண்ணோட பாட்டில்ல தண்ணி குடிச்சிட்டேன்."

"வாய் வெச்சா?"

"வெச்சு."

"அப்புறம் என்னடா யோசனை? அந்தப் பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டியா?"

"அதுக்கு வார்த்தை தெரியலம்மா."

"பக்கத்துல ஒரு வாயாடி இருக்காளே, அவள கேளு."

அந்தக் கேள்வியை அவள் மொழியிலேயே, தமிழ் எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். என்னிடம் ஒன்பது முறை சொல்லிப் பார்த்தான். பத்தாவது முறை அவளிடம் சொன்னான்.

போன மாதம் அந்தக் காகிதத்தை அண்ணியிடம் கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டாள்.