பதினொரு மணி ஒத்திகை

எங்கள் நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதற்கு நேர் கீழேதான் என் மேசை. இந்த ஊரில் உரத்த குரல் யாருக்கு என்று கேட்டால் நேற்றுப் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளைகூட என்னைத்தான் கை காட்டும். இருபத்து மூன்று வருடமாக நூலகராக இருக்கிறேன். பலகையையும் கழற்றவில்லை, குரலையும் குறைக்கவில்லை.

புத்தகம் எடுத்துக் கொடுத்து முத்திரை குத்துவதுதான் நூலகம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திங்கட்கிழமை வாருங்கள், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறோம். புதன்கிழமை வாருங்கள், வயதானவர்களுக்குக் கைபேசி சொல்லிக்கொடுக்கிறோம். சனிக்கிழமை காலை குழந்தைகளுக்குக் கதை நேரம், அதே நாள் பதினொரு மணிக்கு நேர்காணல் ஒத்திகை. இந்த ஒத்திகை என் மூளையில் உதித்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

வேலைக்கு மனுப் போட்டிருப்பவர் வருவார். உள் அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். நிஜ நேர்காணல் மாதிரியே கேள்வி கேட்டுக் குடைவார்கள். அந்த மூன்று பேரையும் ஒவ்வொரு வாரமும் மாற்றிவிடுவேன். தெரிந்த முகம் என்றால் பயம் வராது, பயமே வராவிட்டால் அப்புறம் ஒத்திகை எதற்கு? பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் பிடித்து வந்திருக்கிறேன். இஸ்திரி போட்ட சட்டை போட வேண்டும், சிரிக்கக் கூடாது, யார் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, கையில் மனுவின் நகல் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் என் வாயில் விழ வேண்டியதுதான். இதுவரை பத்தொன்பது பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

இருபதாவது ஆள்தான் என் உயிரை வாங்கினார். லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வயது, கையெல்லாம் கிரீஸ் ஏறிய கோடுகள். நூலகத்தில் நடக்கும் எங்கள் தையல் வட்டத்துக்கு வரும் பெண்ணின் கணவர். அவள்தான் ஒருநாள் அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ரெண்டு வருஷமா இவருக்கு நிலையா வேலை இல்ல. அஞ்சு இன்டர்வியூ போயிட்டாரு. அஞ்சுலயும் ஊத்திக்கிச்சு. வீட்ல வாயே திறக்க மாட்டேங்கறாரு. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

முதல் ஒத்திகையிலேயே எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. மோட்டார், பிரேக், கம்பி வடம் என்று எதைக் கேட்டாலும் மனிதர் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார். "பழைய வேலையை ஏன் விட்டீங்க?" என்று கேட்டதும் முகம் செத்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, "குடும்பச் சூழ்நிலை" என்றார். பொய் என்று குருடனுக்குக்கூடத் தெரியும்.

அவர் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன தம்பி குடும்பச் சூழ்நிலை? உங்க குடும்பம் என் தையல் வட்டத்துல நல்லாத்தானே இருக்கு. நடந்ததைச் சொல்லுங்க."

சொன்னார். புதிதாகத் திறக்கவிருந்த ஒரு கட்டடம். லிஃப்டில் பிரேக் தேய்ந்திருந்தது. மறுநாள் திறப்பு விழா, சோதனைத் தாளில் கையெழுத்துப் போடு என்றார் மேற்பார்வையாளர். இவர் மாட்டேன் என்றார். கத்தினார்கள். இவர் மின்சாரத்தை அணைத்தார், மெஷின் அறையைப் பூட்டினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வேலையும் போய்விட்டது. தொல்லை பிடித்த ஆள் என்ற பெயர் மட்டும் அவரை விடவில்லை.

"இதைச் சொல்றதுக்கு என்ன வெட்கம்? நெஞ்சை நிமித்திச் சொல்லணும்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் இதழ்கள் பகுதியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

எட்டு வாரம் வந்தார். போகப் போக ஒத்திகையில் தைரியம் வந்தது. உண்மையை அப்படியே சொன்னார். ஆனால் நடுவில் ஒரு நிஜ நேர்காணலுக்குப் போனவர், தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"மறுபடியும் அதே குடும்பச் சூழ்நிலைதானா?"

"ஆமாக்கா. இங்க ஒத்திகைன்னு தெரியுது, பேசிடறேன். அங்க போனா நாக்கு ஒட்டிக்குது. உண்மையச் சொல்லித்தானே ஒரு தடவை எல்லாம் போச்சு."

கோபம் வந்தது. அவர் மேல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊர் எல்லையில் புது மருத்துவமனை ஒன்று வந்தது. ஐந்து லிஃப்ட், நிரந்தர வேலை. அவர்கள் அலுவலகத்தில் இன்னும் வர்ணம் காயவில்லை என்பதால் நேர்காணலுக்கு எங்கள் முன்னறையைக் கேட்டார்கள். கொடுத்தேன். மெக்கானிக்குக்குக் கடிதம் வந்தது: சனிக்கிழமை, பன்னிரண்டு மணி.

"பதினொரு மணிக்கு ஒரு கடைசி ஒத்திகை வச்சுடலாம்கா" என்றார்.

"வச்சுடலாம். முன்னறை அவங்களுக்கு. நீங்க அந்தப் பக்கமே திரும்பாதீங்க, பாத்தா பதற்றம் வந்துடும். யாரையும் எதுவும் கேக்க வேண்டாம். நேரா உள் அறைக்கு வந்து, கதவைத் தட்டிட்டு, தலை நிமிர்ந்து உள்ள போங்க."

இந்த வார்த்தைகளைச் சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

அந்தச் சனிக்கிழமை கதை நேரத்துக்குத் தீயணைப்பு வண்டி ஓட்டும் பெண்மணியை அழைத்திருந்தேன். தலைக்கவசத்தோடு வருகிறாராம் என்று எந்தப் புண்ணியவானோ ஊரெல்லாம் சொல்லிவிட்டான். இருபது பிள்ளைகள் வரும் இடத்தில் அறுபது பிள்ளைகள். வழக்கமாகக் கதை நடக்கும் இதழ்கள் பகுதியில் மூச்சு விட இடமில்லை. மருத்துவமனைக்காரர்களிடம் போய்க் கெஞ்சினேன். நல்ல மனிதர்கள், உள் அறைக்கு மாறிக்கொண்டார்கள். பிள்ளைகள் முன்னறைக்குப் போனார்கள். என் ஒத்திகைக்காரர்கள் மூன்று பேரையும் பழைய இதழ்கள் அடுக்கிய பின்கட்டு அறைக்கு அனுப்பினேன். இதையெல்லாம் அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன். எட்டு வாரம் நடந்து பழகிய மனிதர் எதற்குப் பலகையைப் பார்க்கப் போகிறார்?

பதினொன்று இருபது இருக்கும். தலைக்கவசத்தை யார் அடுத்துப் போட்டுக்கொள்வது என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டதை விலக்கிக்கொண்டிருந்தேன். ஒத்திகைக் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தும்மிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, எவ்வளவு நேரம் நாங்க பழைய பேப்பர் தூசியத் தின்னுட்டு உக்காந்திருக்கறது? உங்க ஆளையே காணோம்."

ஓடினேன். உள் அறைக் கதவின் மேல்பாதி கண்ணாடி. பார்த்தால், என் மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்! எதிரே மருத்துவமனையின் பொறியாளர், நிர்வாக அதிகாரி, இன்னொருவர். பதினொரு மணிக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை போலிருக்கிறது. இவர் மனுவும் அவர்கள் தாள்கட்டுக்குள் இருந்ததால் எடுத்துவைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள். இவருக்கோ எதிரே இருப்பது இந்த வாரத்துப் புது முகங்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கதவில் காதை வைத்தேன்.

"லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு, உள்ள ஆள் இருக்கு. முதல்ல எந்தப் பாகத்தைச் சோதிப்பீங்க?" என்றார் பொறியாளர்.

"கேள்வியே தப்பு சார்" என்றார் இவர். "முதல்ல பாகத்தையா பாப்பாங்க? உள்ள இருக்கற ஆள்கிட்ட பேசணும். பயப்படாதீங்க, வந்துட்டோம்னு சொல்லணும். அப்புறம் மெயின் சுவிட்சை அணைக்கணும். பாகமெல்லாம் அதுக்கப்புறம்தான்."

அடப்பாவி, என்று எனக்குள் அலறினேன். கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது. உள்ளே போய் மன்னிப்புக் கேட்டு, அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்வதுதான் முறை. சொன்ன அடுத்த நொடி அந்தக் கை ஆடுவது நின்றுவிடும், தலை தொங்கிவிடும் என்றும் எனக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டேன். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் இது ஒன்று.

பழைய வேலையைப் பற்றியும் கேட்டார்கள். பிரேக், கையெழுத்து, பூட்டு, சாவி என்று ஒன்று விடாமல் சொன்னார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பிறகு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

"என்னக்கா இந்த வாரத்து ஆளுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. "அந்தக் கண்ணாடிக்காரர் பரவால்ல, ஏதோ படிச்சிட்டு வந்திருக்காரு. நிஜ இன்டர்வியூ பன்னெண்டுக்குத்தானே? தண்ணி குடிச்சிட்டு வரேன்."

இனி மறைத்தால் நான் மனுஷியே இல்லை. "தம்பி, அதுதான் நிஜம். அறை மாறிடுச்சு. தப்பு என் மேல."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"விளையாடாதீங்கக்கா."

"விளையாடல."

"கேள்வி தப்புன்னு சொல்லிட்டேனே! சாவிய எடுத்துட்டுப் போனதை வேற சொல்லிட்டேனே! உங்களுக்குத் தெரிஞ்சும் ஏன் உள்ள வரல? இது உங்களுக்கு ஒத்திகை. எனக்குச் சோறுக்கா!"

அவர் சொன்னது நியாயம். மன்னிச்சுடுங்க என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அதற்குள் கதவு திறந்தது. நிர்வாக அதிகாரி தலையை நீட்டினார். "கொஞ்சம் திரும்ப வர்றீங்களா? எங்க மேட்ரன் இப்பதான் போன்ல சொன்னாங்க, வாசல்ல இருக்காங்களாம். நீங்க சொன்னதை அவங்களும் கேக்கணும்."

மேட்ரன் என்றால் தலைமைச் செவிலியர். நரைத்த தலை, நேரான நடை, எங்களைத் தாண்டி உள்ளே போனார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். எட்டு வாரம் கத்திக் கத்திச் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு அப்போது வாயில் வரவில்லை. அவரே போனார். கதவு சரியாக மூடவில்லை.

"பழைய இடத்துல ஏன் அனுப்பிட்டாங்க?" மேட்ரனின் குரல்.

முன்னறையில் பிள்ளைகள் தீயணைப்பு வண்டி மாதிரி ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குடும்ப..." என்று ஆரம்பித்தார்.

கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு.

"இல்ல மேடம். அப்படித்தான் எல்லா இடத்துலயும் சொல்லிட்டு வந்தேன். அது பொய்." குரல் நடுங்கியது. முதல் தடவை இருந்த மிடுக்கு கொஞ்சமும் இல்லை. திக்கித் திக்கித்தான் வந்தது, ஆனால் எல்லாம் வந்தது. தேய்ந்த பிரேக்கும் வந்தது, போடாத கையெழுத்தும் வந்தது.

"எங்ககிட்டயும் அப்படி ஒரு நாள் வந்தா? உங்க மேலதிகாரி இந்த இன்ஜினியர்தான். இவரே போடச் சொன்னா?"

"போட மாட்டேன் மேடம். லிஃப்டை நிறுத்திப் பூட்டிட்டு, சாவிய உங்க கையில கொண்டாந்து குடுப்பேன். வேலை குடுத்தாலும் சரி, குடுக்கலைன்னாலும் சரி, இன்னிக்கே சொல்லிடறேன்."

"என் நோயாளிங்கள ஆபரேஷனுக்கு அதுலதான் ஏத்திட்டுப் போகப் போறேன்" என்றார் மேட்ரன். பிறகு மற்றவர்களிடம், "மிச்ச பேரையும் பாருங்க, பாக்க வேண்டியது முறை. ஆனா அஞ்சு லிஃப்டுக்கு ரெண்டு ஆள் வேணும். அதுல ஒருத்தர் இவர். திங்கட்கிழமை வரச் சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்த மெக்கானிக் என் மேசைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கைபேசியை என்னிடம் நீட்டினார். "நீங்களே அவளுக்குப் போடுங்க."

போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தேன். அவள் எடுத்தாள். இவருக்குப் பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் வாங்கியது. அவள் அதைக் கேட்டுவிட்டுத் தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

"சரி, விடுங்க. போனா போகட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தத் தடவையாவது உண்மையச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்ப எனக்கு அது போதும். கிளம்பி வீட்டுக்கு வாங்க."

"திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்கம்மா" என்றார்.

பிறகு அவள் அழுதாள், இவர் அழுதார், நான் மூக்கைச் சிந்திய சத்தத்தில் வாசகர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.