வண்டியில் விழுந்த சிவப்பு நாற்காலி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை. என் வண்டியில் விழுந்தது. சிவப்பு நிறம், பிளாஸ்டிக், நாலு கால், இரண்டு கை. நாலு வயதுப் பிள்ளை உட்காரும் அளவு.

தாராவியில் கைவண்டி தள்ளுகிறவன் நான். பெயர் ஜம்பு. உடைந்த பிளாஸ்டிக்கை மூட்டை மூட்டையாகக் கரீம் பாட்சாவின் பட்டறைக்குக் கொண்டுபோவது வேலை. அங்கே ஒரு கிரைண்டர் இருக்கிறது. வாளி, டப்பா, பொம்மை, எதைப் போட்டாலும் குருணையாக நொறுக்கித் தள்ளிவிடும். பட்டறைக்கு அடுத்த சுவர் பால்வாடி. அன்றைக்கு அதன் வாசலைத் தாண்டும்போது உள்ளிருந்து ஒரு நாற்காலி பறந்து வந்து என் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் வண்டியில் பிளாஸ்டிக் விழுந்தால் எங்கள் தொழிலில் அது மால், அதாவது சரக்கு. நான் நிற்கவில்லை. நேரே போய் எடையில் வைத்தேன்.

நாற்காலியின் ஒரு கால் கிரைண்டர் வாய்க்குள் போன நேரத்தில், பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு டீச்சர் சாருலதா ஓடி வந்தார். மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். மூச்சு வாங்கும்போதும் குரல் உயராது.

"அது எங்க நாற்காலி."

"விழுந்துச்சு டீச்சர்."

"விழல. ஒருத்தன் எறிஞ்சான். கொடுங்கோ, அவன் உக்காரணும்."

எறிந்தவன் உட்காரட்டும் என்று நாற்காலியைத் தேடி வருகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். (இது அடைப்புக்குறி. சுமை சரியாமல் கட்டுகிற கயிறு மாதிரி. சமீபத்தில் கற்றேன், இனி அடிக்கடி வரும்.) நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். மத்தியானத்தில் அதே அறையில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார் என்று தெரிந்தது. சேர்ந்துவிட்டேன். போன மாதம், நடந்த ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார். இதுதான் அந்தப் பக்கம். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவில்லை.

2

முதல் தொடக்கம்: பைசான் ஒரு கெட்ட பையன். அவன் –

டீச்சர் அங்கேயே பென்சிலை வைத்தார். "கெட்ட பையன்னு எழுதாதீங்கோ அண்ணாச்சி. என்ன பண்ணினான்னு எழுதுங்கோ."

இரண்டாம் தொடக்கம்: பைசான் நாற்காலியை எறிந்தான்.

"சரி. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கதையே இல்லையே டீச்சர்."

"எப்பவும் ஏதாவது இருக்கும். விசாரிச்சுண்டு வாங்கோ."

ஆயாவிடம் விசாரித்தேன். மூன்றாம் தொடக்கம்: பைசானின் நீல லாரியைக் கண்ணா என்கிற பிள்ளை எடுத்துக்கொண்டான். ஏன் எடுத்தான்? லாரி தரையில் கிடந்தது. ஏன் கிடந்தது? பைசான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். நான்காம் தொடக்கம்: சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. ஏன்? மால் வந்திருந்தது. ஐந்தாம் தொடக்கம்: அந்த மால் மூட்டைகளை, முந்தின நடையில், வண்டி தள்ளிக் கொண்டுபோய் இறக்கியவன் –

ஆறாம் தொடக்கத்தை நான் எழுதவில்லை. இந்த வழியில் போனால் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். எனக்குக் கால் வலிக்கிறது.

3

ஆகவே நடுவிலிருந்து தொடங்குகிறேன். நாற்காலி பறந்த கொஞ்ச நாளில் பைசான் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டான். சாதியா. கரீம் பாட்சாவின் மகள்.

கரீம் பாட்சா பால்வாடியை நடத்துகிறவர்களிடம் போய்ச் சத்தம் போட்டார். இன்னொரு முறை யார் மேலாவது பைசானின் பல் பட்டால் அவனை இங்கே வைத்துக்கொள்வதில்லை என்று முடிவாயிற்று. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று காட்கோபரில் ஓர் இடம் இருக்கிறதாம். பைசானின் உம்மா மதீனா பீவி காலையில் அணுசக்தி நகரில் வீட்டு வேலைக்குப் போகிறவள். அவள் பஸ் ஒரு திசை, காட்கோபர் ஒரு திசை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதிய மட்டும் வாசித்துக் காட்டினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கடிச்சதையே எழுதிட்டு இருக்கீங்களே அண்ணாச்சி. பன்னுல பாதியப் பிச்சு ஆட்டுக்குக் கொடுப்பானே, அது எங்க?"

"வரும்மா. ஆடு இன்னும் வரல."

"கதையிலயாவது அவன அங்கனயே உக்கார வைங்க."

என் கையில் இருக்கிற வேலை மாதிரிதான் கேட்டாள்.

4

ஆடு வருகிறது.

வகுப்பில் ஒரு முறை உண்டு. பைசானுக்குக் கோபம் வந்தால் டீச்சர் அவனைப் பிடிக்க மாட்டார், கத்த மாட்டார். ஆயா ஒரு கயிற்றை நீட்டுவார். அதில் வரிசையாகத் துணி வளையங்கள் தைத்திருக்கும். மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி வெளியே போய்விடுவார்கள். எறிந்தாலும் படுவதற்கு ஆள் இருக்காது. டீச்சர் மட்டும் கொஞ்சம் தள்ளி, அவனுக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில், தரையில் உட்கார்ந்திருப்பார். வாசல் திறந்திருக்கும். அவ்வளவுதான்.

[இந்த இடத்தில் "ரெண்டு போட்டால் அடங்கிவிடுவான்" என்று எழுதியிருந்தேன். டீச்சர் அதன் ஓரத்தில், "அப்புறம் அவன் யாரைப் போடுவான்?" என்று எழுதினார். வரியை அழித்துவிட்டேன்.]

கயிறு போய் நிற்கிற இடம் டீக்கடை. டீக்கடையில் ஓர் ஆடு. அது காகிதக் கோப்பையைத் தின்னும், சில நாள் பேப்பரும் தின்னும். பிள்ளைகளுக்குச் சீக்கிரமே விஷயம் புரிந்துவிட்டது. பைசான் கோபப்பட்டால் ஆடு பார்க்கலாம்.

சாதியா, கடி வாங்கிய அதே சாதியா, காலையில் வந்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தாள்.

"இன்னைக்குக் கோவம் வருமா?"

"நஹி."

"கொஞ்சூண்டு?"

கண்ணாவுக்குப் பேச்சு வராது. முகம் வரைந்த அட்டைகளைக் காட்டித்தான் எதையும் சொல்வான். ஒரு நாள் சிவப்புக் கோப முகம் போட்ட அட்டையைத் தேடி எடுத்து, கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல இரண்டு கையாலும் பைசானிடம் நீட்டினான். பைசான் அட்டையைப் பார்த்தான். கண்ணாவைப் பார்த்தான். எழுந்து போய் ஒரு தலையணையை எடுத்து, யாருக்கும் வலிக்காத மூலையாகப் பார்த்து, மெதுவாக எறிந்தான். அது தரையில் விழுவதற்குள் மொத்த வகுப்பும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

டீச்சர் அன்று மாலை ஆடு படம் போட்ட புது அட்டை ஒன்று செய்தார். (பார்க்க நாய் மாதிரி இருக்கும். நான் சொல்லவில்லை.) மறுநாளிலிருந்து பன் கொடுத்ததும் எல்லோருக்கும் ஆடு உண்டு, யாரும் கோபப்பட வேண்டியதில்லை. பைசானும் கயிற்றில் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு போனான். பன்னில் பாதியைப் பிய்த்து ஆட்டுக்குக் கொடுத்தான்.

மதீனா பீவிக்குச் சொல்லிவிட்டேன், ஆடு வந்துவிட்டதென்று.

5

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் அல்லவா. கரீம் பாட்சா மீசையை முறுக்கியபடி, சிவந்த கண்களோடு –

இதைப் பட்டறையில் வைத்து அவருக்கே வாசித்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தி வாசித்தேன்.

"எனக்கு எங்கவே மீசை?" என்று அவரும் கத்தினார்.

"கதைக்கு வேணும் பாய்."

"வேணும்னா உம்ம மூஞ்சில ஒட்டிக்கிடும். எம் மவ கையப் பத்தி எங்க எழுதியிருக்கீரு?"

புரட்டிப் பார்த்தேன். கடித்தான் என்று இருந்தது. கடிபட்ட கை எங்கேயும் இல்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன். இடது கை, முழங்கைக்குக் கீழே. பல் வரிசை பொட்டுப் பொட்டாகச் சிவந்திருந்தது. டீச்சர் முதலில் போனது பைசானிடம் இல்லை, சாதியாவிடம். சோப்புப் போட்டுக் கழுவி, மடியில் வைத்துக்கொண்டு, அழுது முடிகிறவரை அழவிட்டார். வீட்டுக்கு வந்த சாதியா அன்று ராத்திரி கையை வாப்பாவிடம் நீட்டியபடியே தூங்கிப்போனாள். அதை நான் பார்க்கவில்லை. கரீம் பாட்சா சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கத்தவில்லை என்பதால் பாதிதான் காதில் விழுந்தது.

"கடிச்சவனுக்கு ஒரு ஆடு," என்றார் பிறகு. "கடி வாங்குனவளுக்கு என்னவே?"

"அவளுக்கும் அதே ஆடுதான் பாய்."

"நல்ல நியாயம். நாளைக்கு நானே வந்து உக்காந்து பாக்கேன். எங் கண்ணு முன்னால பல்லு பட்டா, அன்னைக்கோட சரி."

6

வந்தார். சொன்ன மாதிரியே உட்கார்ந்தார். அந்த அறையில் பெரியவர்கள் நாற்காலி கிடையாது. கிடைத்தது ஒரு கால் மட்டும் ஓரம் நொறுங்கிய சிவப்பு நாற்காலி. நல்ல கனமான மனிதர். இரண்டு கைகளுக்கும் நடுவே எப்படியோ இறங்கிவிட்டார்.

வண்டியிலிருந்து இறக்கிய மூட்டையைத் தலையில் வைத்துப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த நான், வாசலில் நின்று பார்த்தேன். அப்போது சுவருக்கு அப்பால் கிரைண்டர் ஓடத் தொடங்கியது.

அறைக்குள் இருந்து கேட்டால் அது சுவருக்கு அப்பால் இல்லை, மண்டைக்குள் இருக்கிறது. கரீம் பாட்சா திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தார். ஓடுவது அவருடைய மிஷின். பைசானின் கை காதுக்குப் போனது. பிறகு ஒரு மரக்கட்டை பறந்தது. ஆயா கயிற்றை நீட்டினார், பிள்ளைகள் போய்விட்டார்கள். கரீம் பாட்சாவும் போகத்தான் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது.

"உக்காருங்கோ பாய்," என்றார் டீச்சர், தரையிலிருந்து. "மெதுவா. அவனை உத்துப் பார்க்க வேண்டாம். சத்தமும் வேண்டாம்."

அவர் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பட்டறையில் வேலை பார்க்கும் முகைதீனைக் கூப்பிட்டார். பிறந்ததிலிருந்து கத்தியே பேசின மனிதர் ரகசியக் குரலில் பேசினார்.

"மிஷின நிறுத்துல."

"பாய், கேக்கல," என்று முகைதீன் போனுக்குள் கத்தியது வாசல்வரை கேட்டது.

"நிறுத்துல."

"சத்தமாச் சொல்லுங்க பாய், மிஷின் ஓடுது."

இந்த இடத்தில், ஜம்பு மூட்டையை எறிந்துவிட்டுப் பாய்ந்து சென்று பையனை அள்ளி அணைத்து –

இல்லை. டீச்சர் என் பக்கம் திரும்பாமலே, "அண்ணாச்சி, வாசல்," என்றார். இருந்த ஒரே வாசலை மூட்டையோடு அடைத்துக்கொண்டு நின்றவன் நான்தான். தலைச்சுமையோடு பின்னால் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வீரச்செயலுக்குக் குறைந்தது இல்லை. நகர்ந்தேன்.

பைசான் கரீம் பாட்சாவை நோக்கி நடந்தான். வாய் திறந்திருந்தது. கையில் ஓர் அட்டை, எந்த அட்டை என்று எனக்குத் தெரியவில்லை. கரீம் பாட்சாவின் சட்டைக்கை மடித்து விட்டிருந்தது. அவர் அந்தக் கையை நாற்காலியின் கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். மடியில் போன் "ஹலோ பாய், ஹலோ" என்றது.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்று: கடித்தான். மதீனா பீவி ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

இரண்டு: கடிக்கவில்லை. கரீம் பாட்சா மனம் திருந்தி, கிரைண்டரை உல்லாஸ்நகருக்கு மாற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் புது நாற்காலி – "ஒரே நாள்ல யாரும் இப்படி மாறமாட்டா அண்ணாச்சி," என்றார் டீச்சர். "அவனும் மாறமாட்டான். நாளைக்கும் கயிறு வேணும்."

மூன்று, கரீம் பாட்சா சொன்னது: "நான் சத்தமே போடலன்னு எழுதும். அது நெசம்."

நான் எதையும் வைக்கவில்லை. யோசித்தால், தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இப்படி ஒரு நேரத்தில் வேடிக்கை பார்க்க அறைக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது முறை. இவ்வளவு நேரமாக நீங்கள் இருக்கிறீர்கள். டீச்சர் உங்களைப் பார்த்துவிட்டார். எழுந்திருங்கள். ஓட வேண்டாம். சாதியாவுக்கும் கண்ணாவுக்கும் பின்னால் ஒரு வளையம் சும்மா இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டை இடிக்காமல் நான் ஒதுங்கியிருக்கிறேன். டீக்கடையில் ஆடு நிற்கிறது. கையில் காகிதம் இருந்தால் பத்திரம், இதையும் தின்றுவிடும்.

அங்கே நின்று வாசலைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்பு நாற்காலி வெளியே வரும். பறந்து வந்தால் என்ன முடிவு என்று உங்களுக்குத் தெரியும். கரீம் பாட்சாவின் இடுப்பில் மாட்டிக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற ஒரு பிள்ளையோடு நடந்து வந்தால் அதுவும் தெரியும். எதற்கும் தலையைக் கொஞ்சம் குனிந்து நில்லுங்கள்.