மூக்கில் பதினோரு ஈயக்குண்டுகள்

“வாயை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?”

ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியை அவளைக் கேட்ட கேள்வி இது. பாடத்தை எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்லியிருந்தார். அவள் நின்றாள், புத்தகத்தை விரித்தாள், முதல் சொல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. பிறகு யாரும் போகச் சொல்லவும் இல்லை. ஐந்து வருடம் ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கான பதிலை மட்டும் அவள் இன்னும் மனசுக்குள் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளுக்குக் கோட்டான் என்று பெயர். வைத்தவர் சித்தப்பா. ஊமைக்கோட்டான் என்று ஆரம்பித்து, முழுசாகக் கூப்பிடச் சோம்பல்பட்டுப் பாதியை வெட்டிவிட்டார். அப்பா போன பிறகு அவளும் அம்மாவும் சித்தப்பா வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். அம்மா நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதிப்பாள். சித்தப்பாவுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, விடுமுறை நாட்களில் மாதிரி விமானங்கள் செய்யும் பொழுதுபோக்கு. செய்வது என்றால், அதைப் பற்றிப் பேசுவது. வாய்ப்பந்தல் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கைதான் அவசரக் கை. பசை சட்டையில் இருக்கும், கதவுப் பிடியில் இருக்கும், ஒருமுறை மீசையிலும் இருந்தது. ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் இருக்காது.

அந்தப் பெட்டி வந்த நாளில் வீடே அமர்க்களப்பட்டது.

“உலகத்துலயே ஐந்நூறு பெட்டிதான் போட்டிருக்கான். இது முந்நூத்திப் பன்னெண்டு. நம்பரைப் பாரு, நம்பரைப் பாரு!” என்று அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். அம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே பார்த்துத் தலையாட்டினாள்.

உள்ளே ஒரு போர்க்கால விமானம். இரட்டை எஞ்சின் வைத்த இரவு வேட்டை விமானம், அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. சாதாரணப் பெட்டி என்றால் ஒரு பாகத்தில் குமிழ் இருக்கும், இன்னொன்றில் குழி இருக்கும், வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. குறைந்த எண்ணிக்கையில் போடும் பெட்டியில் அதெல்லாம் கிடையாது. குமிழும் இல்லை, குழியும் இல்லை. ஓரமெல்லாம் தடித்துப் பிசிறடித்துக் கிடக்கும். இறக்கையை உடம்போடு வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு நாணயம் நுழையும். சித்தப்பா ஒரு மணி நேரம் போராடினார். அரத்தைத் தூக்கி எறிந்தார். “கோட்டான், இங்க வா. உனக்குத்தான் பொழுது போகமாட்டேங்குதே” என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அதற்கு முன்பும் அவர் விட்ட இடத்திலிருந்து நான்கு விமானங்களை அவள் முடித்திருக்கிறாள். அதில் ஒன்றுக்கு மாதிரி விமானக் கிளப்பில் அவர் பரிசும் வாங்கியிருந்தார். முதலில் பசையைத் தொடவே மாட்டாள். தேய்ப்பாள், வைத்துப் பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். தண்ணீர் தொட்ட உப்புத்தாளில் இறக்கையின் ஓரத்தைக் காகித மெலிவுக்குக் கொண்டுவர எட்டு நாள் ஆனது. குமிழ் இல்லாத இடங்களில் பித்தளைக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிச் செருகினாள்.

பிறகு டேப்பால் எல்லாவற்றையும் தற்காலிகமாகக் கட்டி நிறுத்திப் பார்த்தாள். விமானம் வாலில் உட்கார்ந்தது. அதற்கு மூன்று சக்கரம், மூக்குக்குக் கீழே ஒன்று, இறக்கைகளுக்குக் கீழே இரண்டு. அசல் விமானத்தில் மூக்கில் பீரங்கியும் கருவிகளும் நிறைந்திருக்கும். பிளாஸ்டிக்கில் காற்றுதான் இருக்கும், அதனால் பின்பாரம் இழுத்துவிடும். உடம்பின் இரண்டு பாதிகளையும் மூடுவதற்கு முன்னால் முன்பக்கத்துக்குள் எடை வைத்தாக வேண்டும். மூடிய பிறகு வழியில்லை. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பதினைந்தில் மூக்கு இறங்கிச் சக்கரம் தரையைத் தொட்டது. பதினைந்தையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு உடம்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள். சித்தப்பாவிடம் தீப்பெட்டியைக் காட்டி, “மூடுறதுக்கு முன்னாடி” என்று இரண்டு வார்த்தை சொன்னாள். அவளுக்கு அது ஒரு பிரசங்கம்.

மறுநாள் அம்மாவோடு துணி எடுத்து வரப் போய்த் திரும்பியபோது சித்தப்பா வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் பல்.

“நீ ஒரு மாசமா உருட்டிக்கிட்டு இருந்த. நான் பாரு, காப்பி ஆறுறதுக்குள்ள உடம்பை மூடிட்டேன்!”

அவள் மேஜையைப் பார்த்தாள். தீப்பெட்டியை எடுத்து ஆட்டினாள். கலகலவென்றது. பதினைந்தும் உள்ளேயே இருந்தன.

“அதுவா? விமானம்னா பறக்கிற சாமான். அதுக்குள்ள போய் ஈயத்தைப் போடச் சொல்றியே, உனக்கு மூளை இருக்கா?” என்றார் சித்தப்பா.

பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசை அது. பிரித்தால் உடம்பு பிளந்துவிடும், மாற்று உடம்புக்கு எங்கே போவது? அவள் தீப்பெட்டியை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய் மூன்று நாள் அந்த மேஜைப் பக்கமே வரவில்லை.

நான்காம் நாள் சித்தப்பா ஒரு துண்டுக்காகிதத்தோடு பின்னறைக்கே வந்தார். குரலில் தேன். மாதிரி விமானங்களுக்கு அருங்காட்சியகம் ஒரு போட்டி வைக்கிறது. போட்டிக்கு வருகிறவர்களிலிருந்து மாதிரிகள் செய்யும் தன் பட்டறைக்கு ஒருவரை வேலைக்கு எடுக்கப்போகிறது.

“கேளு. ‘கல்விச் சான்றிதழ் தேவையில்லை. கைவேலை மட்டுமே பார்க்கப்படும்.’ உனக்குன்னே போட்ட மாதிரி இல்ல? கார்டுல உன் பேரை மேல போடுறேன், என் பேரு கீழ இருந்தாப் போதும். என்ன சொல்ற?”

அவள் காகிதத்தை வாங்கி, தானே ஒருமுறை படித்து, மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தாள். தினமும் போக ஓர் இடம். படிக்கச் சொல்லி யாரும் எழுப்பி நிறுத்தாத ஓர் இடம். அன்று மாலையே மேஜைக்குத் திரும்பினாள்.

உடம்பில் ஒட்டாமல் மிச்சமிருந்தது நுனியில் மாட்டும் மூக்குக் கூம்பு ஒன்றுதான். அதன் உட்சுவரைச் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கினாள். உடம்பைவிட இன்னும் முன்னால் இருப்பதால் அங்கே பதினொரு குண்டு போதும். தட்டி நசுக்கினால்தான் அதுவும் கொள்ளும். கூம்பை நிரந்தரமாக ஒட்டினால் இன்னொரு தொல்லை. மூக்குச் சக்கரத்தின் கால் தீக்குச்சி கனம், போட்டிக்குக் கொண்டுபோகும்போது பஸ் குலுங்கினால் ஈயத்தின் பாரத்தில் முறிந்துவிடும். ஆகவே ஒரு பித்தளைக் கொக்கி வைத்தாள். கூம்பைச் செருகிக் கால் சுற்றுத் திருகினால் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் திருகினால் கையோடு வரும். இணைப்பு வெளியே தெரியாதபடி, விமானத்தின் தகடுகள் சேர்வதைக் காட்டும் ஒரு கோட்டின் மேலேயே அது விழும்படி பார்த்துக்கொண்டாள்.

பெயிண்ட் அடிக்கும்போது, “கறுப்பு விமானம்தானே, கறுப்பு டப்பாவைத் திறந்து அடிச்சு விடு” என்றார் சித்தப்பா. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவ்வளவு சின்ன உருவத்தில் முழுக் கறுப்பு கரிக்கட்டை மாதிரி இருக்கும். கறுப்பில் கொஞ்சம் நீலம், கொஞ்சம் பழுப்பு. வெயில் படும் முதுகுப் பக்கம் சாம்பல் கூடுதல். எஞ்சின் புகை படியும் இடத்தில் மங்கல். விமானி கால் வைத்து ஏறும், இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து உலோகம் தெரிகிற மாதிரி, பஞ்சு நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தாள். வாலுக்கடியில் தலைமுடி கனத்தில் ஓர் ஆன்டெனா வைத்தாள். அதற்கு மட்டும் ஒரு முழு நாள் போனது.

போட்டி நாளன்று கிளம்பும்போது அம்மா வாசலில் நிறுத்தினாள். “அங்க போய் எதையாவது பேசி வெச்சிடாதடி. இருக்க இடம் கொடுத்திருக்கார்.”

யாரிடம் எதைச் சொல்கிறாள் அம்மா! அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

அருங்காட்சியகக் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த நீள மேஜைகள். சித்தப்பா பதிவு செய்யப் போனார். அவள் விமானத்தை நிறுத்தி, கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, அதில் பத்திரமாக வைத்திருந்த கூம்பைச் செருகித் திருகினாள். மூன்று சக்கரமும் தரையில் சரியாக ஊன்றின. சித்தப்பா வந்து கார்டை முன்னால் வைத்தார். செய்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். அவருடையது. மேலேயும் அவர்தான், கீழேயும் அவர்தான்.

அவள் அவரைப் பார்த்தாள்.

“இடம் கம்மியா இருந்துச்சும்மா. ஒரு பேருதான் எழுதலாமாம்” என்றார். பக்கத்து மேஜைக் கார்டில் மூன்று பெயர் இருந்தது.

அருங்காட்சியகப் பட்டறையின் தலைவிதான் நடுவர். கையில் மதிப்பெண் அட்டையோடு வந்தார். நரைத்த கிராப்பு, விரல் இடுக்கில் பெயிண்ட் கறை. குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டும் பார்த்தார்.

“இந்தக் கறுப்பு எப்படி வந்துச்சு?”

“அதெல்லாம் ராத்தூக்கம் கெட்டு வந்தது மேடம். நல்ல டப்பா, நல்ல கறுப்பு. அப்புறம் நம்ம கை!” சித்தப்பா கையை விரித்துக் காட்டினார்.

“இது யாரு?”

“அண்ணன் பொண்ணு. பெட்டி தூக்கக் கூட்டிட்டு வந்தேன். படிப்பு ஏறல, பேச்சும் வராது. ஏதோ நம்ம நிழல்ல இருக்கு, பாவம்.”

அவள் கை நீண்டது. கூம்பைப் பிடித்துக் கால் சுற்றுத் திருகி உருவி எடுத்தாள்.

டொக்கென்று விமானம் வாலில் உட்கார்ந்தது. ஒரு முழு நாள் எடுத்த ஆன்டெனா தெறித்து வெள்ளைத் துணியில் விழுந்தது. அது அவளுக்கு ஊசி குத்தினாற்போல் இருந்தது. ஆனாலும் உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

“ஏய், என்ன பண்ணித் தொலைச்ச?” சித்தப்பா முன்பக்கத்தை விரலால் அழுத்தினார். இறங்கியது. விரலை எடுத்தார். ஏறியது. மறுபடி அழுத்தினார், மறுபடி ஏறியது. பக்கத்து மேஜைக்காரர் இருமுகிற மாதிரி சிரித்தார். “மேடம், இது வந்து... கிளம்பி மேல ஏறுற காட்சி. இப்படித்தான் நிக்கும்.”

“மூக்குக்குள்ள என்ன இருந்துச்சு?” என்று கேட்டார் பட்டறைத் தலைவி.

“மூக்குக்குள்ளயா? மூக்குக்குள்ள என்ன மேடம் இருக்கும், மூக்குதான்.”

“ஈயம். பதினொண்ணு” என்றாள் அவள்.

குரல் கரகரத்தது. ஆனால் வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை.

“உடம்புக்குள்ள பதினஞ்சு வெக்கணும். வெக்காம உடம்பை மூடினது இவரு. பக்கத்துலயே எடுத்து வெச்சிருந்தேன், சொல்லவும் சொன்னேன். தேய்ச்சது நான், ஒட்டினது நான், கறுப்புல நீலம் கலந்தது நான். போன தடவை கிளப்புல பரிசு வாங்கினாரே, அதுவும் நான் செஞ்சது. என் பேரை மேல போடுறேன்னு சொல்லித்தான் இதை முடிக்க வெச்சாரு. நான் பெட்டி தூக்க வரல. எனக்குப் பேச்சு வரும். இவரு ஒரு ஆளு பேசவே வீட்டுல நேரம் பத்தல, அதான் நான் பேசல. பாவம்னு சொல்றாரே, யாரு பாவம்? மீசையில பசையோட ரெண்டு நாள் ஆபீஸ் போன மனுஷனா, நானா?”

கடைசியில் சொன்னது தேவையில்லை. சொன்னபோதே அவளுக்கும் அது தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளும் எண்ணம் வரவில்லை. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பட்டறைத் தலைவி சித்தப்பா பக்கம் திரும்பினார். “இவ சொல்றது நிஜமா?”

சித்தப்பா துணியில் கிடந்த ஆன்டெனாவை எடுத்து, அது எங்கே இருந்தது என்று தெரியாமல் இறக்கையின் மேல் வைத்துப் பார்த்தார்.

பட்டறைத் தலைவி கார்டை எடுத்தார். “செஞ்சவர் பேரு தப்புன்னா விதிப்படி போட்டியிலேருந்து எடுத்துடணும். வேற வழியில்ல” என்று அட்டையில் ஒரு கோடு அடித்தார். பிறகு அவளிடம், “போட்டி வேற, பட்டறை வேற. இந்தத் திருகுக் கொக்கியை எப்படி வெச்ச? கழட்டி மாட்டு, பாக்கலாம்” என்றார்.

அவள் கூம்பைச் செருகினாள். முதல் தடவை வழுக்கியது, இரண்டாம் தடவைதான் பிடித்தது. சக்கரம் தரையைத் தொட்டது. “பித்தளைக் கம்பி. நெருப்புல காட்டி வளைச்சேன்” என்றாள். பட்டறைத் தலைவி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, இன்னொன்றை அவள் பக்கம் காலால் தள்ளினார்.

சித்தப்பா மேஜைக்கடியில் குனிந்தார். காலிப் பெட்டியை எடுத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணைச் சட்டைக் கையால் ஒருமுறை துடைத்தார். எந்த வீட்டு வாசலிலும் மூன்று தடவை விடைபெறாமல் நகராதவர் அவர். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே நடந்து, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியேறினார்.