ஒஷியோ போகும்போது சொன்னது

அறிவுமதிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இது தெரிந்தவர்கள் செஞ்சியில் இரண்டே பேர். ஒருத்தி அவளைப் பெற்ற மங்கை. இன்னொருத்தி டெய்சி, அறிவுமதி ரத்தம் எடுக்கிற பரிசோதனை நிலையத்தில் சீட்டு எழுதுகிறவள். திங்கட்கிழமை காலை போனைப் பார்த்துக்கொண்டிருந்த அறிவுமதி, "டெய்சி, ஒஷியோவக் காணோம்" என்று தொண்டைக்குள்ளேயே சொன்னதும், டெய்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒஷியோ நிஜ ஆள் இல்லை. அப்படி அறிவுமதியிடம் சொல்லிவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கசெமோரி என்ற ஜப்பான் விளையாட்டு ஒன்று போனில் வருகிறது. அழிந்துபோன ஒரு நாட்டுக்கு வீரர்களைச் சேர்க்க வேண்டும், சண்டை போட வேண்டும். நடுநடுவே பக்கம் பக்கமாகக் கதை வரும், அதுவும் ஆங்கிலத்தில். ஒவ்வொரு வீரருக்கும் பிறக்கும்போதே நட்சத்திரம் குத்தி அனுப்பிவிடுவார்கள். ஐந்து நட்சத்திரம் கிடைத்தால் யோகம். மூன்று நட்சத்திரம் என்றால் கறிவேப்பிலை.

ஒஷியோ மூன்று நட்சத்திரம். கடற்கரையிலிருந்து மலைக்கு உப்பு சுமக்கிறவள். கையில் வாள் கிடையாது, வாயில் மந்திரம் கிடையாது, முதுகில் ஒரு மூட்டை மட்டும். கூட இருப்பவர்களில் யாருக்கு அடி விழுந்தாலும் பாதியைத் தான் வாங்கிக்கொள்வாள். அவளுடைய வித்தை அவ்வளவுதான். அவளைக் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போகப் போக நெருக்கம் ஏறும். நெருக்கம் நூறானால் அவள் கதையின் கடைசிப் பகுதி திறக்கும். ஏன் கடலை விட்டு வந்தாள் என்று அதில்தான் சொல்லுவாள். இரண்டு வருஷம் ஆடி அறிவுமதி தொண்ணூற்றெட்டுக்கு வந்திருந்தாள். யூட்யூபில் அந்தக் கதையை ஊரே போட்டிருக்கிறது. அவள் பார்க்கவில்லை. ஒஷியோ தன்னிடம் நேராகச் சொல்லட்டும் என்று இருந்தாள்.

உட்காரும்போது ஒஷியோ இடுப்பில் ஒரு கையை ஊன்றித்தான் உட்காருவாள். மங்கையும் அப்படித்தான். நெல் மண்டியில் இருபது வருஷம் கூட்டி அள்ளிய இடுப்பு அது. இதை அறிவுமதி யாரிடமும் சொன்னதில்லை, டெய்சியிடம்கூட.

அவர்கள் நாலு பேர் ஒரு அணி, பெயர் ராஜகிரி. அறிவுமதி, டெய்சி, டெய்சியின் சித்தி மகன் பிரிட்டோ, அவலூர்பேட்டையில் உரக்கடையில் இருக்கும் இளவரசன். பிரிட்டோ காந்தி பஜாரில் செல்போன் கடையில் வேலை செய்கிறான். மத்தியானச் சாப்பாட்டு நேரமானால் அந்தக் கடையில்தான் வாக்குவாதம் நடக்கும். இந்த விளையாட்டில் எது உசத்தி? நாலு பேருக்கும் வேறு பஞ்சாயத்தே கிடையாது.

"சண்டதான்க்கா உசத்தி" என்பான் பிரிட்டோ. "ஒரே அடி, லட்சக்கணக்குல நம்பர் பறக்குதே, அது வேற எந்த கேம்ல இருக்குது? இந்தப் பேச்செல்லாம் யாரு படிக்கிறது? ஸ்கிப் பட்டன் இன்னாத்துக்கு வெச்சிருக்கான்?"

"தீமிதி அன்னிக்கு மட்டும் வந்து நின்னுட்டு, அதுக்கு முன்னாடி நாள் கணக்குல நடந்த பாரதம் முச்சூடும் கேட்டேன்னு சொல்லுவியா?" என்பாள் அறிவுமதி.

"எங்க மாதா கோயில்லயும் பூசை முடியிற நேரத்துக்கு வர்றவங்கதான் ஜாஸ்தி. சாமி இன்னா, வெளிய போன்னா சொல்றாரு?"

"மொத அத்தியாயத்தயாவது படிடா. படிச்சிட்டு அப்புறம் பேசு."

இதை அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அப்படிப்பட்டவனிடம் போய் பாஸ்வேர்டைக் கொடுத்தாளே, அதைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அணிகளுக்குள் போட்டி. அன்றைக்கென்று பார்த்து அவலூர்பேட்டையில் சர்க்கரை நோய் முகாம், இருநூறு பேருக்கு ரத்தம் எடுக்க அறிவுமதிதான் போக வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் அணியே ஆட முடியாது. வேலை வந்தால் ஒருவருக்காக இன்னொருவர் ஆடிக்கொடுப்பது அவர்களுக்குள் வழக்கம். போன மாசம் டெய்சிக்காக அவளே ஆடியிருக்கிறாள். அதனால் யோசிக்காமல் கொடுத்தாள். அணி ஜெயித்தது. "மதி, ஜெயிச்சிட்டோம், எல்லாம் பிரிட்டோ புண்ணியம்!" என்று இளவரசன் குழுவில் குரல் பதிவு போட்டான். முகாமில் நின்று நின்று கால் வீங்கியிருந்த அறிவுமதியும் சந்தோஷப்பட்டுத் தூங்கிப்போனாள்.

காலையில் திறந்து பார்த்தால் ஒஷியோ நின்ற இடம் காலி.

மத்தியானம் அவள் கடைக்குப் போனபோது டெய்சியும் பின்னாலேயே ஓடினாள். பிரிட்டோ யாரோ ஒரு அம்மாவின் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வாக்கா! ரைகாவப் பாத்தியா? ஃபுல் பவர்! நான் ஏத்தி வுட்டேன்."

ரைகா அவளிடமிருந்த ஐந்து நட்சத்திர வாள்காரன். எப்போதோ அதிர்ஷ்டத்தில் வந்தவன்.

"ஒஷியோ எங்கடா?"

"அதத்தான் ரைகாவுக்கு ஊட்டினேன். கடைசி ரவுண்டுல பவர் பத்தல. உங்கிட்ட வேற ஆள் இல்ல, அது ஒண்ணுதான் சும்மா கெடந்துது."

இதுவும் அந்த விளையாட்டில் உண்டு. ஒரு வீரரை இன்னொருவருக்கு இரையாக ஊட்டிப் பலம் ஏற்றலாம். ஊட்டப்பட்டவர் போனவர் போனவர்தான், திரும்ப வர மாட்டார். வேறு ஒஷியோ கிடைக்கலாம், ஆனால் அவள் இவளை அறியாதவள். நெருக்கம் பூஜ்யத்திலிருந்து.

"சும்மா கெடந்துதா? தொண்ணூத்தெட்டுடா."

"இன்னாக்கா நீ, மூணு ஸ்டாருக்குப் போயி. அது அதுக்குத்தான் இருக்குது."

"எதுக்கு?"

"ஊட்றதுக்கு."

அறிவுமதியின் குரல் இன்னும் இறங்கியது. டெய்சி தம்பியைப் பார்த்து வாயை மூடு என்று கண்ணால் சொன்னாள். அவன் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? போன் இல்லியா உங்கிட்ட? போன் கடையில இருந்துகினு?"

"நீ ரத்தம் எடுத்துகினு இருந்த. டைம் ஓடுதுக்கா! ஜெயிச்சோமா இல்லியா? இளவரசன் அண்ணனக் கேளு, அவரும் ஊட்டுடான்னுதான் சொன்னாரு."

"அவன் ஆளா அது? உன் ஆளா? உங்கள நம்பி வீட்டுச் சாவியக் குடுத்தா, வீட்ல இருக்கிற ஆளயே வித்துட்டு வந்து நிப்பீங்களா?"

கண்ணாடிக்காகக் காத்திருந்த அம்மா, "கேமுக்கா இந்தச் சண்ட?" என்று சிரித்தார்.

"சரி, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அறிவுமதி. "அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஆள் வந்து பேசும். பேசி முடிச்சப்புறம்தான் கடைசியா, அனுப்பட்டுமா இருக்கட்டுமான்னு கேக்கும். இன்னா சொன்னா?"

"யாரு?"

"ஒஷியோ. போகும்போது எங்கிட்ட இன்னா சொன்னா?"

பிரிட்டோவின் கை கண்ணாடியின் மேலேயே நின்றது. முதல் தடவையாக அவன் முகத்திலிருந்து சிரிப்பு போனது.

"ஸ்கிப் பண்ணிட்டேன்க்கா."

அறிவுமதிக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. ஜெயிப்பதற்காக ஊட்டியதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவாள். இரண்டு வருஷம் கூடவே அடி வாங்கியவள், போகிற நேரத்தில் திரும்பி நின்று ஏதோ சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்க அங்கே ஒரு காது இல்லை.

"யூட்யூப்ல இருக்கும்க்கா, தேடித் தரட்டுமா?"

"எவனோ அனுப்பின ஒஷியோ அவங்கிட்ட சொன்னத நான் எதுக்குக் கேக்கணும்?"

கல்லாவின் மேல் பிரிட்டோவின் போன் கிடந்தது. விளையாட்டு திறந்தே இருந்தது. அறிவுமதி அதை எடுத்தாள். அவனிடம் ஒரே ஒரு ஐந்து நட்சத்திரம்தான், யுகாரி என்ற வில்லுக்காரி. அவளுக்காக அவன் எட்டு மாசம் தவம் கிடந்தது கடைத்தெருவுக்கே தெரியும். அறிவுமதி ஊட்டுகிற பக்கத்துக்குப் போய் யுகாரியின்மேல் விரலை வைத்தாள்.

"அக்கா! வேணாம்க்கா! கால்ல வேணா வுழறேன், அவள வுட்ருக்கா!"

நிச்சயமா என்று விளையாட்டு கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள். மறுபடி கேட்டது. அமுக்கினாள். டெய்சி கையைப் பிடிக்க வந்தாள். அறிவுமதி நகர்ந்து நின்றுகொண்டாள். திரையில் யுகாரி வில்லைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். பேச ஆரம்பித்தாள். மேலே ஓரத்தில் ஸ்கிப் பட்டன் மினுக்கியது.

அறிவுமதி படித்தாள். 'நீ என்னைக் கூப்பிட்ட அன்றைக்குப் பனி கொட்டியது. எனக்கு அன்று மிகவும் பயமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லவே இல்லை. இனிமேல் சொல்ல முடியாதே என்று இப்போது சொல்கிறேன்.' அவ்வளவுதான், நாலு வரி. அதன் கீழே இரண்டு பட்டன்: போகட்டும், இருக்கட்டும்.

பழி வாங்குவதற்கென்றே வந்த விரல் அந்தரத்தில் நின்றது. அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரமாக வந்தது. அமுக்கித் தொலையேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முடியவில்லை. இருக்கட்டும் என்பதை அமுக்கிவிட்டு, போனைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"தேங்க்ஸ்க்கா" என்றான் பிரிட்டோ, மூச்சு வாங்க.

"ஒம்மேல எரக்கப்பட்டு வுடலடா. படிச்சேன். அதான் முடியல. நீயும் படிச்சிருந்தா முடிஞ்சிருக்காது."

படி இறங்கும்போதே ராஜகிரி அணியிலிருந்து வெளியேறினாள். மதி இன்னா இது, கேம்தான, வா வா என்று இளவரசனிடமிருந்து மூன்று குரல் பதிவுகள் வந்தன. மூன்றையும் கேட்காமலே அழித்தாள்.

நாலு மணிக்கு, ஒரு பெரியவரிடம் ரத்தம் எடுத்துவிட்டுக் குழாயில் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பிரிட்டோ.

'அக்கா மொத அத்தியாயம் இப்பதான் படிச்சேன். ஊரு எரியும்போது நம்மள மூட்டைக்குப் பின்னாடி ஒளிய வெச்சிட்டு முன்னாடி போயி நிக்கிறாளே ஒருத்தி. பேரு போடல. உப்பு மூட்ட. அவதானா ஒஷியோ?'

அறிவுமதி அதை இரண்டு முறை படித்தாள். கோபம் ஆறிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆறவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியதால் இன்னும் கூடியது. அவளைக் கொன்றுவிட்டுத்தான் அவள் யாரென்று கேட்க வேண்டுமா?

"இன்னாம்மா, ரிப்போர்ட்டு எப்ப வரும்?" என்றார் பெரியவர்.

"அஞ்சு மணிக்கு வாங்க, ஐயா."

அவர் எழுந்து போனபிறகு கையுறையைக் கழற்றினாள். 'அவதான்டா' என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.