எண்பத்து மூன்று கோழிகள்

அந்த வளைவில் கோழி கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்லக் கூடாது. சொன்னாலும் தப்பில்லை. நாற்பது நாள் நான் சொன்னது பச்சைப் பொய்தான்.

என் பெயர் பொன்னப்பன். கேரள எல்லையில் பாறசாலை ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு பஸ்ஸின் பக்கக் கண்ணாடியை உடைத்ததைத் தவிர என் பெயரில் வேறு குற்றம் இல்லை. அதுவும் பஸ்காரன் தப்பு.

சித்திரை மாதம் சுமி என்று ஒரு பெண் என்னைத் தேடி ஸ்டாண்டுக்கு வந்தாள். நெய்யாற்றங்கரைக்காரி, எஞ்சினியர். அவள் வேலை பார்க்கும் திருவனந்தபுரத்துக் கம்பெனி முதலில் கார் தொழிற்சாலைகளுக்குக் கதவு மாட்டுகிற ரோபோ கைகளைச் செய்துகொண்டிருந்ததாம். கை நன்றாக வேலை செய்தது. கார்க்காரர்களுக்கு ஆசை வந்துவிட்டது. கையைச் செய்தவர்களே மூளையையும் செய்யுங்கள் என்று காரைக் கொடுத்தார்கள், ஆளையும் கொடுத்தார்கள், கடைசியில் கம்பெனியில் பாதியையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இப்போது இரண்டும் சம்பந்தி வீடு மாதிரி. எது யாருடையது என்று சுமிக்கே சரியாகத் தெரியவில்லை.

ஆக, இவ்வளவு நாளும் வெளியே நின்று கதவு மாட்டிக்கொண்டிருந்த ரோபோ, இனி அதே கதவைத் திறந்து உள்ளே ஏறி என் சீட்டில் உட்காரப் போகிறது. அதற்கு ஓட்டப் படித்துக்கொடுக்க நான் வேண்டுமாம்.

"எலே பொன்னப்பா, உனக்க கஞ்சியில நீயே மண்ண வாரிப் போடுதியாலே?" என்று பக்கத்து ஆட்டோ வாலண்டைன் கேட்டான்.

"போலே. நம்ம ரோட்டுல ஓட்டணும்னா அது இன்னொரு ஜென்மம் எடுக்கணும்" என்றேன். உள்ளுக்குள் ஒரே பெருமை. ஸ்டாண்டில் இருபத்தாறு பேர் இருக்கிறோம், தேடி வந்தது என்னை.

கார் சின்னது, வெள்ளை. தலையிலும் நெற்றியிலும் காதோரத்திலும் கேமரா. பாறசாலையில் புறப்பட்டு, தனுவச்சபுரம், குன்னத்துகால் வழியாக வெள்ளறடை போய்த் திரும்ப வேண்டும். "அங்கிள், எப்பவும் எப்படி ஓட்டுவியளோ அப்படியே ஓட்டுங்க. வண்டி பாத்துப் படிச்சுக்கிடும்" என்றாள் சுமி. நான் காரணம் தெரியாமல் பிரேக் மிதித்தால் மட்டும் பின்சீட்டிலிருந்து ஏன் என்று கேட்பாள். நான் சொல்வதை மடியிலிருக்கும் லேப்டாப்பில் தட்டி ஏற்றுவாள்.

"இப்ப என்னத்துக்கு மெதுவாக்கினிய?"

"அந்த சைக்கிள்காரன் கை காட்டாம வலது பக்கம் திரும்புவான்."

"எப்படித் தெரியும்?"

"அவனுக்க அப்பனும் அப்படித்தான் திரும்புவான்."

அவன் திரும்பினான். சுமி வாயைப் பிளந்தாள். கல்லூரி விடுகிற நேரத்தில் தனுவச்சபுரத்தில் எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்திலிருந்து பாயும், மரச்சீனிக் கிழங்கு லாரி எந்த இடத்தில் இடம் கொடுக்கும், எந்த வளைவில் எத்தனை ஹாரன், எல்லாவற்றையும் அந்த வண்டிக்கு ஊட்டினேன். என் சொந்த மகன் அஜேஷுக்குக்கூட இவ்வளவு பொறுமையாக எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

முதல் நாளே அந்த வளைவும் வந்தது. குன்னத்துகால் தாண்டி, வலப்பக்கம் நீல கேட். கொடியில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருக்கும். என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. கை தானாக இரண்டு தடவை மெல்ல ஹாரனைத் தட்டியது.

"இப்ப எதுக்கு அங்கிள்?"

ரோட்டில் ஈ காக்கை இல்லை. "கோழி" என்றேன்.

"கோழியா? நான் பாக்கல்லியே."

"செடிக்குள்ள போயாச்சு. நீ எழுது."

அவள் எழுதினாள்.

அது என் தங்கை சரசம்மாவின் வீடு. எங்களுக்குள் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. காரணத்தையும் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். என் மகள் ரேஷ்மியின் கல்யாணம். பந்தல்காரன் ஒரு பக்கம், சமையல்காரன் ஒரு பக்கம் என்று பிடித்து இழுத்த நேரத்தில், தங்கைதானே என்று பத்திரிகையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டேன். கீழே 'எல்லாரும் வரணும்' என்று எழுதவும் செய்தேன். அவள் பார்த்தாள். நீலக் கோடு இரண்டும் விழுந்தது. ஆனால் வரவில்லை.

நேரில் வீடேறி வந்து அழைப்பதை எங்கள் பக்கம் விளிப்பது என்போம். "ஆளா வந்து விளிக்காத கல்யாணத்துக்கு நான் என்னத்துக்குப் போணும்?" என்று அவள் ஊரெல்லாம் கேட்டாள். கூடப் பிறந்தவளுக்கு விளி எதற்கு என்று நான் ஊரெல்லாம் கேட்டேன். ஊர் இரண்டு பேருக்கும் தலையாட்டியது. ரேஷ்மி மணமேடையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். சரசம்மா வளர்த்த பிள்ளை அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தப்பு என்னுடையது என்கிற எண்ணமும் ஆறவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு மனுஷன் எங்கே போய் நிற்பது?

இப்போது அஜேஷுக்குக் கல்யாணம். ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது. "இந்தக் கல்யாணத்துக்கும் அவ வரல்லேன்னா, இனி ஒங்களுக்க ரண்டுபேருக்க சாவுக்குத்தான் பாத்துக்கிடணும்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். பத்திரிகை அடித்து வந்த அன்றே சரசம்மா பெயரை உறையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். வைத்ததுதான். வியர்வையில் ஊறி அது கூழாக, இன்னொன்று எழுதினேன். அதுவும் கூழாக, மூன்றாவது. முதலில் பேசுகிறவன் தோற்றவன் இல்லையா. தோற்பதற்குத்தான் எனக்குக் கால் எழவில்லை.

தினமும் போகும்போது ஒரு கோழி, வரும்போது ஒரு கோழி. சில நாள் அவள் முற்றத்தில் மரச்சீனி காயவைத்துக்கொண்டிருப்பாள். சில நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பாள். நானும் வேறெங்கோ பார்ப்பேன். ஒருநாள் கேட்டில் பூட்டுத் தொங்கியது. தாண்டிப் போனவன் ரிவர்ஸ் எடுத்து வந்து பார்த்தேன். மறுபடி போய் மறுபடி வந்தேன். மூன்று தடவை.

"கோழி திரும்பித் திரும்பி வருதா அங்கிள்?" என்றாள் சுமி.

"பொல்லாத கோழியாக்கும்."

சரசம்மா வெள்ளறடையில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆடியில் பரீட்சை. எனக்கல்ல, வண்டிக்கு. கார் கம்பெனியிலிருந்து வடக்கத்திக்கார அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவரும் பஞ்சாயத்து மெம்பரும் சுமியும் பின்னால். ஓட்டுநர் சீட்டில் நான், கை இரண்டும் மடியில். ஏதாவது விபரீதம் என்றால் மட்டும் பிரேக்கைத் தொடலாம் என்று உத்தரவு.

ஸ்டீயரிங் தானாகத் திரும்பியதைப் பார்த்தபோது எனக்கு முதுகில் சில்லென்றது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது. வண்டி முழுக்க நான்தான். வளைவில் மூன்று ஹாரன். பஸ்காரனுக்கு இடம் விடாமல் ஒரு வீம்பு. சைக்கிள்காரன் கை காட்டுவதற்கு முன்னாலேயே ஒரு தயக்கம். அதிகாரி ஆங்கிலத்தில் ஏதோ புகழ்ந்தார். சுமியின் முகம் மலர்ந்தது. ரோபோ கையில் ஆரம்பித்த கம்பெனி, இதில் ஜெயித்தால் அடுத்த வருஷம் இப்படி ஐம்பது வண்டி இறக்கும் என்று மெம்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் குன்னத்துகால் தாண்டியது நினைவுக்கு வந்தது. அடுத்தது நீல கேட்.

வண்டி மெதுவாக்கியது. இரண்டு தடவை மெல்ல ஹாரன் அடித்தது. சத்தம் கேட்டுச் சரசம்மா கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டோரம் வந்தாள். நான் ஓட்டியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். வண்டிக்கு என் வீம்பு அவ்வளவு தூரம் வரவில்லை போலிருக்கிறது. நேராக அவள் முன்னால் போய் நின்றுவிட்டது. முன்னாலிருந்த திரையில் சரசம்மாவைச் சுற்றி மஞ்சள் கட்டம் ஒன்று விழுந்தது. கட்டத்தின் தலையில் மலையாளத்தில் எழுத்து: கோழி.

மெம்பர் விழுந்து விழுந்து சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மனுஷியைக் கோழி என்று படிக்கிற வண்டியை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். சுமி வெளிறிப்போய்த் தட்டித் தட்டிப் பார்த்தாள். வண்டி அசையவில்லை. கோழி முன்னால் நிற்கும்போது எப்படி அசையும்?

சரசம்மா என் ஜன்னலுக்கு வந்தாள். திரையைப் பார்த்தாள். கட்டத்துக்குள் தன்னையே பார்த்தாள்.

"ஆரையாக்கும் கோழின்னு எழுதி வச்சிருக்கு?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு என் தங்கை என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"அது வண்டி எழுதினது" என்றேன்.

"வண்டிக்குப் படிச்சுக் குடுத்தது ஆரு?"

சுமி பின்னாலிருந்து, அழாத குறையாக, "அங்கிள், கணக்குப்படி எண்பத்து மூணு தடவ கோழி. ஒரு கோழிகூட கேமராவுல இல்ல, இந்த ஆன்ட்டிதான் நிக்கிறாவ. நீங்க சொன்னா சரியா இருக்கும்னுதான் நான் எழுதினேன்" என்றாள்.

அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டதும் என் வீம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. "கோழி ஒண்ணும் இல்ல மக்கா. ஒருநாளும் இல்ல. இவளப் பாக்கதுக்காக்கும் நான் மெதுவாக்கினது."

சுமி அதை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சரசம்மா ஜன்னலுக்குள் குனிந்தாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ? எல்லா நாளும் ஹாரன் கேட்டுத்தான் வெளியே வாறேன். வண்டி வருது, போவுது. ஆளு எறங்கல்லியே அண்ணா" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிறைந்துவிட்டது.

சட்டைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வண்டியில இருந்துட்டு நீட்டாதே. எறங்கி, படியேறி வந்து விளி."

அதிகாரி வாட்சைப் பார்க்கிறார். மெம்பர் செல்போனில் படம் எடுக்கிறார். நான் இறங்கினேன். நீல கேட்டைத் தாண்டி, ரப்பர் ஷீட்டுக்குக் கீழே குனிந்து, மூன்று படி ஏறினேன். அவள் ஓடி எனக்கு முன்னால் போய் வாசலில் நின்றுகொண்டாள், அங்கேயே இருந்தவள் மாதிரி.

"ஏட்டி சரசு, அஜேஷுக்குக் கல்யாணம். நீ நாலு நாள் முன்னாலயே வரணும். அன்னைக்கு நான் செய்தது தப்பாக்கும்."

அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். வியர்வையில் அவள் பெயர் பாதி கரைந்திருந்தது. "பேரக்கூட ஒழுங்கா எழுதல்ல" என்று சொல்லி, அதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு எல்லோருக்கும் மரச்சீனியும் மீன்கறியும் வந்தது. பரீட்சை முக்கால் மணி நேரம் நின்றது. அதிகாரி இரண்டாம் தடவை மீன்கறி கேட்டார். தப்பு வண்டியுடையது அல்ல, வாத்தியாருடையது என்று அவரே அறிக்கையில் எழுதியதாகச் சுமி பிறகு சொன்னாள்.

கல்யாணத்துக்குச் சரசம்மா எட்டு நாள் முன்னாலேயே வந்து எல்லோரையும் விரட்டி வேலை வாங்கினாள். யார் முதலில் பேசியது என்று பந்தியில் தகராறு வந்தது. நீதான் என்று அவளிடம் சொன்னேன். சுமியும் வந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பதிவுப்படி முதலில் கேட்டது ஹாரன், என் ஹாரன், என்று அந்தப் பிள்ளை கூசாமல் சாட்சி சொன்னது. ஹாரன் எல்லாம் பேச்சில் சேராது என்று நான் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கோழிகளையெல்லாம் சுமி அழித்துவிட்டாள். வெள்ளை வண்டி இப்போது நீல கேட்டை நிற்காமல் தாண்டிப் போகிறது. நான் என் ஆட்டோவில் போகிறேன். அந்த வளைவில் நான் மெதுவாக்குவதில்லை, நிறுத்தி இறங்கிவிடுகிறேன்.