ஒறம்பரைக்குப் பத்து, நமக்கு ஒன்பது

தொழில்முறைக் குத்துச்சண்டையில் நான் மூன்று முறை தோற்றிருக்கிறேன். மூன்று முறையும் என்னைத் தோற்கடித்தவர் மேட்டுப்பாளையம் பாக்கு வியாபாரி ஆறுச்சாமி. அறுபது வயது, வழுக்கைத் தலை, சட்டைப் பையில் ஒரு பால்பாயின்ட் பேனா. ரிங்குக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மார்க் போடும் மூன்று நடுவர்களில் அவரும் ஒருவர். காலேஜ் காலத்தில் அவரும் சண்டை போட்டவராம். போட்டவர் போட்டவராகவே இருந்திருக்கலாம்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் நன்றாகச் சண்டை போட்டவளுக்குப் பத்து, மற்றவளுக்கு ஒன்பது. எங்களுக்கு நான்கு சுற்று. நடுவர்கள் மூன்று பேரும் தனித்தனிச் சீட்டில் எழுதுவார்கள். இரண்டு சீட்டு யார் பக்கமோ அவள் ஜெயித்தாள். என் சண்டை ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எனக்கு வந்தது, ஒரு சீட்டு எதிராளிக்குப் போனது. மூன்றாவது சீட்டு ஆறுச்சாமியுடையது. அப்புறம் என்ன, ஊத்திக்கொண்டது.

முதலில் வந்தவள் புனேக்காரி. இரண்டாவது இம்பால். மூன்றாவது விசாகப்பட்டினத்துக்காரி, கடைசிச் சுற்றில் நான் விட்ட குத்தில் தன் மூலை எதுவென்று தெரியாமல் என் மூலைக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். என் மாஸ்டர் சாமுவேல் பாவம் பார்த்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு நிமிடம் கழித்து அவள் கையைத்தான் தூக்கினார்கள். அவளே என்னைத் திரும்பிப் பார்த்து, "நானா?" என்று கேட்டாள்.

சொந்த ஊர்க்காரிக்குச் சாதகமாக மார்க் போடுகிறார்கள் என்று உலகம் பூராவும் புகார் சொல்கிறார்கள். நான் கோயமுத்தூர் கணபதியில் பிறந்து, கணபதியில் வளர்ந்து, கோயமுத்தூரிலேயே சண்டை போட்டு, வந்தவளிடமெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு வெல்டிங் பட்டறைக்காரர் என்னைப் பார்த்தாலே, "லோகு, இந்தத் தடவ எந்த ஊருக்காரிக்குக் குடுத்துப்போட்ட?" என்று கேட்பார். அவர் தலையில் அந்த வெல்டிங் முகமூடியைக் கவிழ்த்து நாலு குத்து விடலாமா என்று வரும்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு தாஜுன்னிசா மேடம் கூப்பிட்டார். சண்டைகளை நடத்தும் சங்கத்துக்கு அவர்தான் மேற்பார்வையாளர். "லோகப்பிரியா, அடுத்ததுல ஜெயிக்கிறவளைப் பாங்காக் சண்டைக்கு அனுப்பப் போறோம். நீ ஜெயிச்சா நீதான். தோத்தா, நாலு தோல்விக்காரியை மறுபடி மேடையேத்தச் சொல்லி யார்கிட்டயும் நான் கேக்க முடியாதும்மா" என்றார். இருபத்தாறு வயதில் என் கதை அந்த ஒரு சண்டையில் வந்து நின்றது.

மறுநாள் காலை, மூன்று சண்டையின் வீடியோவையும் போனில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போனேன். கையில் கிளவுஸ் இல்லை. வாயே போதும் என்று நினைத்தேன்.

ஆறுச்சாமி வாசலுக்கே வந்துவிட்டார். "அட, நம்ம லோகப்பிரியா! வா கண்ணு, வா. நல்ல நேரத்துக்கு வந்தே" என்றார். உள்ளே இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்துகொண்டிருந்தார்கள். சிமோகாவிலிருந்து பாக்கு வாங்க வந்த வியாபாரி ஒருவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் போனை எடுப்பதற்குள் ஆறுச்சாமி என் கையில் தேங்காய்ப்பால் சொம்பைக் கொடுத்துவிட்டார். "ஒறம்பரை வந்திருக்காங்க. நீ நம்ம ஊட்டுப் புள்ளை. சித்த ஊத்து அம்மணி."

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. நியாயம் கேட்க வந்தவள் சிமோகாக்காரருக்குத் தேங்காய்ப்பால் ஊற்றினேன். அவர் போதும் போதும் என்று இலையை மறைக்க, ஆறுச்சாமி அவர் கையை விலக்கி விலக்கி வைத்தார். எட்டு சந்தகை அந்த மனிதருக்குள் போனது. ஆறுச்சாமியின் மகன் வந்து எட்டிப்பார்த்தான்.

"உனக்கு நேத்து இட்லி இருக்குது" என்றார் அவர் மனைவி தெய்வாத்தாள்.

"எனக்குங்கம்மா?" என்றேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறியிருந்தேன்.

"நீயும் நம்ம புள்ளைதான கண்ணு. பொறுத்துக்குவே."

அந்த நிமிடம் எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. பாக்குக்காரர் வஞ்சம் வைத்து மார்க் போடவில்லை. காசு வாங்கிக்கொண்டும் போடவில்லை. பந்தி பரிமாறுகிற மாதிரி மார்க் போட்டிருக்கிறார்! ஒறம்பரைக்குப் பத்து, நமக்கு ஒன்பது. ஊரைத் தேடி வந்தவளை வெறும் இலையோடு எழுப்பி அனுப்ப இந்த மனிதருக்கு மனசு வராது.

வீடியோவைக் காட்டவே இல்லை. காட்டி என்ன ஆகப்போகிறது? நேற்று இட்லி இரண்டைத் தின்றுவிட்டு பஸ் ஏறினேன். காரமடை வருவதற்குள் திட்டம் தயாராகிவிட்டது. ஒறம்பரைக்குத்தான் மார்க் என்றால், நான் ஒறம்பரை ஆகிவிட வேண்டியதுதான்.

என்னோடு படித்த ஒருத்தி பாலக்காட்டில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் வீட்டு விலாசத்தைப் போட்டு, ஆறு மாதமாக அங்கேதான் குடியிருக்கிறேன் என்று சங்கத்துப் படிவத்தை நிரப்பி, ஊரை மாற்றிப் பதிந்துகொண்டேன். பாலக்காட்டுக்கு நான் போனது மொத்தம் இரண்டு தடவை. ஒரு தடவை அவள் கல்யாணத்துக்கு. இன்னொரு தடவை கையெழுத்துக்கு.

"இது தப்பு அம்மணி" என்றார் சாமுவேல் மாஸ்டர்.

"மூணு தடவை எங்கிட்ட இருந்து புடுங்கினாங்களே, அது தப்பில்லீங்களா மாஸ்டர்?"

"அதும் தப்புதான். ஆனா அதை நீ செய்யலையே."

எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. கேட்கவில்லை.

சண்டை அவிநாசி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல், பக்கத்து ஹாலில் சாப்பாடும் உண்டு. எதிராளி ரித்திகா, அவிநாசிப் பொண்ணு, பத்தொன்பது வயது, ஒல்லி. மைக்கில் அறிவித்தார்கள்: "சிவப்பு மூலையில், நம்ம அவிநாசி ரித்திகா! நீல மூலையில், பாலக்காட்டிலிருந்து வருகை தந்திருக்கும் லோகப்பிரியா!"

கணபதிக் கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்தது. நான் யாரையும் பார்க்காமல் ஆறுச்சாமியை மட்டும் பார்த்தேன். அவர் அறிவிப்பைக் கேட்டார், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், எழுந்து நின்று எனக்கு ஒரு கும்பிடு போட்டார். வேலை முடிந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முதல் சுற்றில் நான் நன்றாகத்தான் ஆடினேன். இரண்டாவது சுற்றில் அந்த ஒல்லிப் பெண் என் விலாவில் விட்டாள் பாருங்கள், அடேயப்பா! கண்ணுக்குள் மருதமலை தெரிந்தது. மூன்றாவது சுற்றில் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நான்காவது சுற்றில் என் தலை அவள் புருவத்தில் மோதி அவளுக்குக் கண் வீங்கியது. என் கை செய்த காரியம் அதில் ஒன்றும் இல்லை. மணி அடித்தபோது சாமுவேல் மாஸ்டர் என் முகத்தைத் துடைத்தார்.

முதல் சீட்டு ரித்திகாவுக்கு. இரண்டாவது எனக்கு, அந்த நடுவர் எந்தச் சண்டையைப் பார்த்தார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. மூன்றாவது, ஆறுச்சாமி. நாற்பதுக்கு முப்பத்தாறு, லோகப்பிரியா.

நாலு சுற்றும் எனக்காம்! என் கையைத் தூக்கினார்கள். நான் ஏழு வருடமாக அந்த ஒரு நொடிக்குத்தான் காலை நாலரை மணிக்கு எழுந்து ஓடினேன். மண்டபம் முழுக்க ஊ என்று கத்தியது. "எங்கூர்ல வந்து கொள்ளையடிக்கிறியா? பாலக்காட்டுக்குப் போடி!" என்று ஒரு குரல் தனியாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெரு வெல்டிங் பட்டறைக்காரர்.

ரித்திகா அழவில்லை. என்னைப் பார்த்து, "நான் என்னக்கா தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டாள். அதற்கு அழுதிருந்தாலே தேவலை.

முகத்தைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போனால், வாசலில் ஆறுச்சாமி. "வாங்க, வாங்க! தொலைவுல இருந்து வந்திருக்கீங்க. மொதப் பந்தியில உக்காருங்க."

வாங்க! அந்த மனிதர் போன மாதம் என்னை வா கண்ணு என்றவர். நான் பிறந்த ஊரில் என்னை வாங்க என்கிறார். விலாவில் வாங்கிய குத்தைவிட அது வலித்தது. போய் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் தாஜுன்னிசா மேடம். எதிரே நெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றவள் யாரென்று பார்த்தால், ரித்திகா. ஒரு கண் மூடிப்போயிருந்தது. அவளும் காலையிலிருந்து பட்டினிதான். சண்டைக்கு முன்னால் எவளும் சாப்பிட மாட்டாள்.

"நல்லா ஊத்து அம்மணி. ஒறம்பரைங்க" என்றார் ஆறுச்சாமி. "நீ அப்புறம் சாப்புடலாம். பொறுத்துக்குவே."

அவள் ஊற்றினாள். நெய் பருப்பைத் தாண்டி அப்பளத்தையும் நனைத்தது.

"ஏனுங்க சார், என்னை உங்களுக்கு அடையாளம் தெரியலீங்களா?" என்றேன். "போன மாசம் உங்க ஊட்டுல தேங்காய்ப்பால் ஊத்தினவ நானுங்க."

"தெரியாமங்களா? அப்ப நீங்க நம்ம புள்ளை. இப்பப் பாலக்காடுன்னு சீட்டுல போட்டிருக்குதுங்களே."

"சரி, நெசத்தைச் சொல்லுங்க. இன்னைக்கு ஜெயிச்சது யாரு?"

"இதென்னுங்க கேள்வி? ரித்திகாதானுங்க. மொதச் சுத்துத் தவிர மிச்சமெல்லாம் அவளுதுதான்." துளிக்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். "அதுக்காக வந்தவங்களைத் தோக்கடிச்சு அனுப்பறதுங்களா? நாளைக்கு நம்மூரைப் பத்தி என்ன பேசுவாங்க?"

ரித்திகா ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். அவர் மேல் பாதி, என் மேல் பாதி. இலையைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"மேடம்! நான் பாலக்காடு இல்லீங்க. ஒரு நாளும் அங்க குடியிருந்ததில்லை. அந்த விலாசம் பொய். நான் கணபதிக்காரிங்க."

தாஜுன்னிசா மேடம் வடையைக் கீழே வைத்தார். "உக்காரும்மா. யோசிச்சுப் பேசு. இதை நீ சொன்னா ஜெயிச்சது செல்லாது. பாங்காக் அவளுக்குப் போயிரும். பொய் விலாசத்துக்குத் தனியாத் தடை வேற போடுவேன்."

யோசித்தேன். பொய் சொல்வானேன், பாங்காக்கையும் யோசித்தேன். ஏழு வருடத்து நாலரை மணியையும் யோசித்தேன். "தெரியுதுங்க மேடம். போடுங்க" என்றேன்.

ஆறுச்சாமி முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டார். "அட, அப்படீன்னா நம்ம புள்ளைதானா! அதான பார்த்தேன். அப்ப இலையில என்ன வேலை உனக்கு? எந்திரி கண்ணு, அந்தச் சாம்பார் வாளியை எடு!" என்னை எழுப்பிவிட்டு மேடத்திடம் பெருமையாகச் சொன்னார். "தங்கமான புள்ளைங்க மேடம். மூணு சண்டையில மூணுமே இவதான் ஜெயிச்சா. வந்த புள்ளைங்களுக்குக் குடுத்துப்போட்டேன். ஒரு வார்த்தை கேக்கலீங்களே! ஊட்டுக்கே வந்தா, தேங்காய்ப்பாலை ஊத்திப்போட்டுப் போயிட்டா."

தாஜுன்னிசா மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆறுச்சாமி சார், எந்த மூணு?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். புனே, இம்பால், விசாகப்பட்டினம். எந்தச் சுற்றில் நான் என்ன குத்து விட்டேன் என்பது முதல் அவருக்கு ஞாபகம் இருந்தது. என்னைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. மேடம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அங்கேயே ஒரு காகிதத்தில் அதையெல்லாம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார். "பேனா வேணுங்களா மேடம்?" என்று தன் பால்பாயின்ட்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு ஆறு மாதத் தடை. மூன்று பழைய சண்டைகளையும் மறுபடி பார்க்கிறார்கள். இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆறுச்சாமியை மார்க் போடும் நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியூர் ஆட்களை ஸ்டேஷனில் போய் அழைத்துவரும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாராம்.

அன்றைக்கு நான் வாளியை எடுக்கவில்லை. ரித்திகாவின் கையிலிருந்த நெய்க் கிண்ணத்தை வாங்கி, அவளை என் இடத்தில் உட்காரவைத்து, புது இலை போட்டேன். சோறு வைத்தேன், பருப்பு வைத்தேன், நெய்யைச் சாய்த்தேன்.

"போதுங்க்கா" என்றாள். நான் நிறுத்தவில்லை. "ஐயோ போதுங்க்கா!" என்று இலையைக் கையால் மறைத்தாள்.

கையை விலக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். "சாப்புடு கண்ணு. பாங்காக்குல நீதான் ஒறம்பரை. அங்கயும் ஒரு ஆறுச்சாமி இருக்கோணும்னு சாமியக் கும்புட்டுக்கோ."